எலும்பு கட்டுபவரின் மகன்: ஹியூ ஓவன் தாமஸ் (1834 – 1891)

எலும்பு மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் அன்றாடம் செய்யும் ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளியை மேசையில் மல்லாந்து படுக்க வைப்பார்கள். ஒரு காலை முழங்காலோடு மடக்கி நெஞ்சை நோக்கி மெல்லத் தள்ளுவார்கள். அப்போது மற்றக் கால் மேசையோடு ஒட்டிக் கிடக்கிறதா, அல்லது அதன் தொடை தானாக மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். எழும்பினால் அந்தப் பக்கத்து இடுப்பு மூட்டு முழுதாக நிமிரவில்லை என்று பொருள். அரை நிமிட வேலை. கருவி எதுவும் தேவையில்லை. இதற்குத் தாமஸ் சோதனை என்று பெயர்.

நான் ஆக்லாந்து நகரின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். வாரத்தில் பல தடவை இந்தச் சோதனையைச் செய்கிறேன். பாடப்புத்தகத்தில் தாமஸ் என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தால் நம் ஊர்க் கதை ஒன்றைப் படிப்பது போலவே இருக்கிறது. பட்டம் இல்லாத நாட்டு வைத்தியர் பரம்பரையில் பிறந்து, பட்டமும் பெற்று, கடைசிவரை இரண்டு பக்கத்தாருக்கும் முழுச் சொந்தக்காரராக ஆகாமலே வாழ்ந்து முடித்தவர் அவர். புத்தூர்க் கட்டையும் யாழ்ப்பாணத்து முறிவு நெரிவுப் பரியாரிமாரையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. அதனால் இந்தக் கட்டுரை.

கடல் கொண்டுவந்த சிறுவன்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்றொரு தீவு இருக்கிறது. 1740களில் அந்தக் கரையோரம் ஒரு கப்பல் உடைந்ததாகவும், அதிலிருந்து சிறுவர்கள் இருவர் கரை சேர்ந்ததாகவும் தாமஸ் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் தெரியவில்லை, வேல்ஸ் மொழியும் தெரியவில்லை. எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று யாருக்கும் புரியவில்லை. அவர்களில் ஒருவனை அந்த ஊர்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்து, இவான் தாமஸ் என்று பெயரும் வைத்தது. அந்தப் பையன் அடிபட்ட ஆடு மாடுகளின் கால் எலும்பைத் தடவிப் பார்த்துச் சேர்த்துக் கட்டுவதில் கெட்டிக்காரனாக இருந்தானாம். பிறகு மனிதர்களும் அவனைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பின்னால் சேர்ந்த நகாசு என்பது வேறு விஷயம். அந்த இவான் தாமஸின் வழியில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டுபவர்கள் வந்தார்கள் என்பது வரலாறு. பள்ளிக்கூடத்தில் படித்து வந்த வித்தை அல்ல இது. தகப்பன் கையைப் பார்த்து மகன் கை பழகிய வித்தை. நம் ஊரில் மூங்கில் தப்பையும் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டுப் போடும் குடும்பங்களை நினைத்துக்கொண்டால் போதும்.

அந்தச் சிறுவனின் கொள்ளுப்பேரன்தான் நம் கட்டுரைத் தலைவர் ஹியூ ஓவன் தாமஸ். 1834ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி ஆங்கிள்சியில் பிறந்தார். அவருடைய தகப்பனார் பெயரும் இவான் தாமஸ்தான். அவர் இளவயதிலேயே தீவை விட்டு லிவர்பூல் நகரத்துக்கு வந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு எலும்பு கட்டிப் பெரும் பெயர் எடுத்திருந்தார். பேரும் கூட்டமும் சேர்ந்தால் பகையும் சேரும். பட்டம் பெற்ற டாக்டர்கள் அவரைப் போலி வைத்தியர் என்றார்கள். அவர்மேல் பலமுறை வழக்குகள் வந்தன. வழக்குகளிலிருந்து மீண்டாலும் மனசில் கசப்புத் தங்கிவிட்டது. தம் பிள்ளைகளுக்கு இந்த அவமானம் வரக்கூடாது என்று அவர் முடிவு கட்டினார். ஐந்து ஆண் பிள்ளைகளையும் முறைப்படி மருத்துவம் படிக்க வைத்தார். ஐவரும் டாக்டர்கள் ஆனார்கள். தம் தொழிலை அவ்வளவு நேசித்த ஒருவர், அதே தொழிலில் தம் பிள்ளைகள் தம்மைப் போல இருக்கக்கூடாது என்று நினைத்த வேதனையை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தகப்பனாரோடு பிரிவு

ஹியூ சிறுவயதில் நோஞ்சான். ஆங்கிள்சியில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். கண்ணிமையில் பட்ட காயம் ஒன்று ஆறாத வடுவாகி, வெளிச்சத்தைத் தாங்காத கண்ணாகிவிட்டது. அதனால் வாழ்நாள் முழுவதும் மாலுமிகள் அணிவது போன்ற முன்விளிம்புத் தொப்பியை அந்தக் கண்ணுக்கு மேல் சரித்துப் போட்டுக்கொண்டே திரிந்தார். வேல்ஸில் டாக்டராக இருந்த மாமா ஓவன் ராபர்ட்ஸிடம் சில ஆண்டுகள் தொழில் பழகினார். பிறகு எடின்பரோவிலும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் படித்து 1857ல் எம்.ஆர்.சி.எஸ். தேறினார். பாரீஸ் நகரத்து மருத்துவமனைகளையும் போய்ப் பார்த்துவிட்டு லிவர்பூலுக்குத் திரும்பினார்.

தகப்பனாரோடு சேர்ந்து தொழில் செய்யலாம் என்று தொடங்கினார். ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை. ஒரே அறையில் பழைய கையும் புதிய படிப்பும் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 1859ல் மகன் தனியே தொழிலை ஆரம்பித்தார். சில ஆண்டுகள் கழித்து நெல்சன் தெரு 11ஆம் எண் வீட்டுக்கு வந்தார். அதன் பின் சாகும்வரை அதுவே அவருடைய வீடு, மருத்துவமனை, பட்டறை எல்லாம்.

பட்டறை என்று சொன்னது சும்மா இல்லை. அந்த வீட்டில் இரும்படிக்கும் கொல்லரும் தோல் தைப்பவரும் வேலை செய்தார்கள். நோயாளியின் கால் அளவுக்கு ஏற்ப இரும்புப் பட்டையை வளைத்து, தோல் சுற்றி, அங்கேயே பொருத்திப் பார்த்து அனுப்புவார்கள். பட்டம் பெற்ற அறுவை மருத்துவர்கள் இதையெல்லாம் கைவேலை என்று ஒதுக்கிய காலம் அது. தாமஸுக்கு அது பரம்பரைச் சொத்து.

ஆள் ஒல்லி, குள்ளம். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, சரிந்த தொப்பி, வாயில் எப்போதும் புகையும் சிகரெட். விடியுமுன்பே குதிரை வண்டியில் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். வார நாட்களில் துறைமுகத்திலும் கப்பல் கட்டும் தளங்களிலும் அடிபட்டவர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். லிவர்பூல் மட்டுமல்லாமல் வெளியூர்களிலிருந்தும் தள்ளுவண்டியில் வைத்தும் தோளில் சுமந்தும் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். ஓய்வு, விடுமுறை என்பதை அறியாத மனிதர்.

1864ல் எலிசபெத் ஜோன்ஸ் என்பவரை மணந்தார். பிள்ளைகள் இல்லை. 1873ல் மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ் 16 வயதில் அந்த வீட்டுக்கு வந்து தங்கி மருத்துவம் படித்தான். அந்தப் பையனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இடுப்பு மூட்டைத் தின்ற நோய்

தாமஸ் காலத்தில் பிள்ளைகளின் இடுப்பு மூட்டுக்கு வந்த பெரிய எதிரி காசநோய். நுரையீரலில் வருவதை எலும்புருக்கி என்று நம் முன்னோர் சொன்னார்கள். அது உண்மையாகவே எலும்பையும் மூட்டையும் அரிக்கும். நோய்க்கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்ததே 1882ல்தான். மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் மூட்டு சீழ் பிடித்துப் புண்ணாகி, பிள்ளை இளைத்து இறந்துபோகும். அல்லது கால் மடங்கியபடியே இறுகிப்போகும். அறுவை மருத்துவர்கள் பலர் மூட்டையே வெட்டி எடுத்தார்கள். சில சமயம் காலையே எடுத்தார்கள்.

இந்த நோய் தொடங்கும் விதம்தான் சூழ்ச்சியானது. இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. அதைச் சுற்றி உறை போல ஒரு சவ்வு இருக்கிறது. மூட்டுக்குள் நீர் கோத்தால் உறை விறைக்கும், வலிக்கும். காலைச் சற்று மடக்கி வைத்தால் உறை தளரும், வலி குறையும். எனவே பிள்ளை தன்னை அறியாமலே தொடையை மடக்கி வைத்துக்கொள்ளும். நாளடைவில் சதையும் உறையும் அந்த நிலையிலேயே சுருங்கிவிடும்.

அப்படியானால் மடங்கிய கால் எல்லோர் கண்ணுக்கும் தெரியுமே என்று கேட்கலாம். அங்கேதான் உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. மடங்கிய தொடையோடு யாரும் நடக்க முடியாது. காலை மேசையில் நீட்டிப் படுக்கவும் முடியாது. ஆகவே முதுகின் கீழ்ப்பகுதி வில் போல முன்னுக்கு வளைந்துகொடுக்கும். இடுப்பு வளையம் முழுவதும் முன்பக்கம் சாயும். அப்போது கால் நேராகக் கிடப்பது போலத் தெரியும். தாய் பார்த்தாலும் தெரியாது, டாக்டர் பார்த்தாலும் தெரியாது. ஏதோ பிள்ளை சோம்பல், சற்றுத் தாங்கித் தாங்கி நடக்கிறது, முழங்கால் வலி என்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது வழக்கம் என்பதால் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மூட்டு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

தாமஸ் செய்தது இதுதான். முதுகு செய்யும் உபகாரத்தை அவர் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார். நல்ல காலை நெஞ்சுவரை மடக்கினால் இடுப்பு வளையம் பின்பக்கம் சுழன்று, முதுகு மேசையில் தட்டையாகப் படியும். முதுகுக்கு அடியில் ஒரு கையை வைத்திருந்தால் வளைவு மறைவதை உள்ளங்கையே உணரும். முதுகு இனி ஒத்தாசை செய்ய முடியாது. நோயுள்ள கால் தன் உண்மையான நிலைக்கு வந்தே தீர வேண்டும். தொடை மெல்ல மேசையை விட்டு எழும்பும். மேசைக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள கோணம்தான் அதுவரை ஒளிந்திருந்த கோளாறின் அளவு.

1875ல் அவர் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்த முறையும் வந்தது, அவர் வடிவமைத்த கட்டுகளும் வந்தன. ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். தாமஸ் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று படம் பிடிக்க வழியே இல்லாத காலத்தில், ஒரு மனிதர் தம் இரண்டு கைகளாலும் பிள்ளையின் இரண்டு கால்களாலும் எலும்பின் கதையைப் படித்தார். தகப்பன் கையைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் இது தோன்றும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு ஒரு காரணம் சொல்லி, எவரும் செய்து பார்க்கும் முறையாக எழுதிவைத்தது அவர் படித்த படிப்பு. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தச் சோதனை நமக்கு வந்திருக்காது.

இரும்புப் பட்டையும் பொறுமையும்

நோயைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? தாமஸின் விடை: ஓய்வு. அரைகுறை ஓய்வு அல்ல, மூட்டு அசையவே அசையாத, இடைவிடாத, மாதக்கணக்கான ஓய்வு. வெட்டுவதை அவர் வெறுத்தார். தோளுக்குக் கீழிருந்து கெண்டைக்கால் வரை உடம்பின் பின்பக்கமாக ஓடும் ஓர் இரும்புப் பட்டை, அதிலிருந்து மார்பையும் தொடையையும் கெண்டைக்காலையும் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள். இதைப் பூட்டிவிட்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். வலி அடங்கியதும் நல்ல காலின் செருப்புக்கு அடியில் இரும்பால் உயரம் வைத்து, ஊன்றுகோலோடு நடக்க விடுவார். நோயுள்ள கால் தரையில் படாமல் தொங்கும்.

மருத்துவமனையில் இடம் கிடைக்காத, கிடைத்தாலும் மாதக்கணக்கில் தங்க வழியில்லாத கூலித் தொழிலாளி வீட்டுக்கு ஏற்ற வைத்தியம் இது. அவருடைய கருவிகள் எல்லாமே இந்தக் கணக்கில் பிறந்தவைதான்: விலை மலிவு, ஊர்க் கொல்லரே செய்துவிடலாம், வீட்டில் வைத்தே பயன்படுத்தலாம்.

ஊர் மருத்துவ உலகம் அவரை ஏற்றுக்கொண்டதா? இல்லை. லிவர்பூலின் பெரிய மருத்துவமனை எதிலும் அவருக்குப் பதவி இல்லை. எலும்பு கட்டுபவரின் மகன் என்ற முத்திரை போகவே இல்லை. 1867ல் ஜேம்ஸ் பாஜெட் என்ற பெரிய அறுவை மருத்துவர், எலும்பு கட்டுபவர்கள் குணமாக்கும் நோய்களைப் பற்றிப் பேசி, அவர்களிடமிருந்து டாக்டர்கள் கற்க வேண்டியது இருக்கிறது என்று சொன்னார். ஆனாலும் மனப்பான்மை மாறுவதற்குக் காலம் பிடித்தது. தாமஸின் குணமும் அதற்கு உதவவில்லை. கூட்டங்களுக்குப் போகமாட்டார். எழுதும்போது மற்றவர்களைச் சாடுவார். நடையும் கரடுமுரடு. அவரைப் புரிந்துகொண்டவர்கள் தூரத்தில் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஜான் ரிட்லன் என்ற மருத்துவர் லிவர்பூலுக்கே வந்து பார்த்து, அந்த முறைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்.

தம் பரம்பரைத் தொழிலையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு போற்றவில்லை. புண்பட்ட மூட்டை வலுக்கட்டாயமாக இழுத்து முறித்துச் சரிசெய்கிறேன் என்பதை அவர் எதிர்த்தார். நம் ஊரில் இன்றைக்கும் இது பொருந்தும். நல்ல கை உள்ள வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இறுக்கிக் கட்டிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகி வரும் பிள்ளைகளையும் எலும்பு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கட்டுக்குக் கீழே விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்க்க வேண்டும் என்பது எந்தப் பரம்பரைக்கும் பொதுவான விதி.

1891 ஜனவரி 6ஆம் தேதி, குளிர் தாக்கி நிமோனியா கண்டு, 56ஆம் வயதில் தாமஸ் இறந்தார். டாக்ஸ்டெத் பார்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் ஏழைக் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் தெருவில் திரண்டு நின்றார்கள். பல்கலைக்கழகம் தராத பட்டத்தை அந்தக் கூட்டம் தந்தது.

மருமகன் கொண்டுசேர்த்த பெயர்

அந்த வீட்டில் வளர்ந்த ராபர்ட் ஜோன்ஸ் இல்லாவிட்டால் தாமஸின் பெயர் நெல்சன் தெருவோடு முடிந்திருக்கும். ஜோன்ஸ் சாந்தமானவர், எல்லோரோடும் பழகுபவர். மாமா சண்டை போட்டுச் சாதிக்க முடியாததை மருமகன் சிரித்துப் பேசிச் சாதித்தார். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்து, சதையும் கிழிந்து வந்த வீரர்கள் தொடக்கத்தில் பெரும்பாலும் இறந்துபோனார்கள். தொடையிடுக்கில் ஒரு வளையமும் அதிலிருந்து பாதத்துக்கு அப்பால்வரை போகும் இரண்டு கம்பிகளும் கொண்ட தாமஸின் கட்டு, முறிந்த காலை இழுத்துப் பிடித்து அசையாமல் வைத்தது. அதைப் போர்க்களத்திலேயே போட வேண்டும் என்று ஜோன்ஸ் வற்புறுத்தினார். 1916ல் 80 சதவீதமாக இருந்த இறப்பு 1918ல் 20 சதவீதமாகக் குறைந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த 80 என்ற எண்ணைப் பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். விரைவான அறுவை சிகிச்சைக்கும் அதிர்ச்சிக்கான சிகிச்சைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் அந்தக் கட்டு உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. 1916 முதல் மேற்குப் போர்முனையில் நின்ற நியூசிலாந்துப் படையினருக்கும் அது எட்டியது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் விபத்து வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தாமஸ் கட்டைத் தெரியும்.

சென்னை சொன்ன தீர்ப்பு

தாமஸ் உயிரைக் கொடுத்துப் போராடிய கொள்கை மட்டும் நிலைக்கவில்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பின்னர் மற்ற மருந்துகளும் வந்தன. 1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நெரிசலான வீட்டில், போதிய சாப்பாடு இல்லாமல், வேலையும் செய்துகொண்டு மருந்து சாப்பிடும் ஏழைக்கும், ஆரோக்கிய நிலையத்தில் படுத்து நல்ல உணவு உண்டு மருந்து சாப்பிடுபவருக்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959ல் அந்த மையம் உலகத்துக்குக் காட்டியது. அது நுரையீரல் காசநோய். அதன் பிறகு முதுகெலும்புக் காசநோய்க்குக் கொரியா, ஹாங்காங், சென்னை முதலிய இடங்களில் ஆய்வுகள் நடந்தன. முறையான மருந்து கொடுத்தால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதால் கூடுதல் நன்மை ஏதும் இல்லை என்று கொரியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

ஓய்வே மருந்து என்ற தாமஸின் பதில் இப்படிக் காலாவதியானது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஏழையை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற சென்னையின் முடிவைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நெல்சன் தெருவில் ஞாயிறுதோறும் அவர் செய்ய முயன்றதும் அதுதானே.

அவர் கொடுத்த பதில் போனது. அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. இந்த மூட்டு உண்மையிலேயே நிமிர்கிறதா, அல்லது பக்கத்தில் உள்ள ஒன்று அதற்காக வளைந்துகொடுக்கிறதா என்ற கேள்வி.

சான்ட்ரிங்ஹாமில் அந்தக் கேள்வி

சான்ட்ரிங்ஹாம் சாலையில் நடந்தால் மசாலாக் கடைகளும் தோசைக் கடைகளும் வரும். தமிழ்நாட்டவர், ஈழத்தவர், ஃபிஜியிலிருந்து வந்த தென்னிந்திய வம்சாவளியினர் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துபோவார்கள். இவர்களைப் பார்க்கும்போது தாமஸின் கேள்வி நம் மொழியிலேயே ஒளிந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். தமிழர் ஒருவர் இடுப்பு வலி என்று சொன்னால், பத்தில் ஒன்பது பேர் கைவைத்துக் காட்டுவது முதுகின் கீழ்ப்பகுதியை. யாழ்ப்பாணத்தவர் அதை நாரி என்று தனியே பிரித்துச் சொல்வார்கள். இடுப்பு மூட்டு என்று நாங்கள் சொல்வது அங்கே இல்லை. அதன் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில், கவட்டில் தெரியும். அதைச் சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம், குறிப்பாகப் பெண்களுக்கு. எனவே முதுகு என்றே சொல்லிவிடுவார்கள். முதுகுக்கு எண்ணெய், முதுகுக்குப் பட்டை, முதுகுக்குப் படம். மூட்டு பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே நான் வலி எங்கே என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, கால் நகம் வெட்ட முடிகிறதா, காலுறையை யார் போட்டுவிடுகிறார்கள் என்று கேட்பேன். சம்மணம் என்பது மூட்டை மடக்கி, விரித்து, வெளிப்பக்கம் திருப்பும் நிலை. 1917ல் சிகாகோவின் ஹியூ பேட்ரிக் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்த சோதனையும் ஒரு காலை அதே நிலையில் வைத்துப் பார்ப்பதுதான். கோவிலில் பந்தியில் உட்கார முடியாமல் நாற்காலி கேட்பவர் அந்தச் சோதனையில் ஏற்கெனவே தோற்றவர்.

பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895ல் விளக்கியது. நிற்கும் காலின் பக்கத்துச் சதை பலமாக இருந்தால் இடுப்பு வளையம் மட்டமாக நிற்கும். பலவீனமாக இருந்தால் தூக்கிய காலின் பக்கம் சரியும். அதன் பிறகு மேசையில் தாமஸ் சோதனை. மற்றக் காலை முதுகு தட்டையாகும்வரை மட்டும் மடக்க வேண்டும். அதற்கு மேலும் அழுத்தினால் இல்லாத கோளாறும் இருப்பது போலத் தெரியும். இரண்டு பக்கமும் மடங்கியிருந்தால் இந்த முறை சரிவராது, குப்புறப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். சோதிப்பவர் இடுப்பு வளையத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆளுக்கு ஓர் அளவு வரும். கைச் சோதனை எதுவும் தனியே தீர்ப்புச் சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்றுதான் காட்டும்.

நியூசிலாந்தில் விபத்துக் காயங்களுக்கு 1974 முதல் ஏ.சி.சி. என்ற பொதுக் காப்பீடு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் நேரே எங்களிடம் வரலாம். நல்ல வசதி. ஆனால் வருபவர் பலர் முதலில் கேட்பது படம் எடுக்கவில்லையா என்றுதான். கையால் பார்ப்பதை ஒரு சிகிச்சையாகவே எண்ணாத காலம் இது. வயதானவர்களில் படத்தில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் நடக்க முடியாதவர்கள் உண்டு. முதுகைப் படம் பிடித்தால் முதுகுதான் தெரியும். எதைப் படம் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது கைதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இங்கே பிறந்த குழந்தையின் தொடைகளை விரித்துப் பந்து கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இத்தாலியின் மரினோ ஒர்த்தோலானி 1937லும் இங்கிலாந்தின் பார்லோ 1962லும் எழுதிய சோதனைகள் அவை. குழந்தை அழுகிறதே என்று தடுக்கும் பாட்டிமாருக்கு என் வேண்டுகோள்: விட்டுவிடுங்கள் அம்மா, ஒரு நிமிடம்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் முழங்கால் வலி என்று நொண்டிவரும் பிள்ளைக்கு, பந்தின் தலை வளரும் இடத்தில் நழுவும் ஒரு நோய் வருவதுண்டு. நியூசிலாந்தில் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளிடம் அது அதிகம். முழங்காலை மட்டும் பார்த்து அனுப்பினால் தலை இன்னும் நழுவி, அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் தாங்கி நடக்க வேண்டிவரும். மேசையில் படுக்க வைத்துத் தொடையை மடக்கும்போது கால் தானாக வெளிப்பக்கம் திரும்பினால் அன்றைக்கே படம் எடுக்க வேண்டும், காலை ஊன்றவும் விடக்கூடாது.

முழங்கால் வலி என்று பிள்ளை சொன்னால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதுகு வலி தீரவே இல்லை என்றால், மல்லாந்து படுக்க வைத்து இரண்டு கால்களையும் ஒருவர் மடக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கப்பல் உடைந்து கரைசேர்ந்த ஒரு பையனின் கையில் தொடங்கி, நெல்சன் தெருப் பட்டறையில் எழுத்துக்கு வந்து, இன்று உலகம் முழுவதும் காசு செலவில்லாமல் கிடைக்கும் அரை நிமிட வேலை அது.